இன்னொரு தடவை

"கை வளர்ந்ததும் வாம்மா."

போன வருஷம் இதே அறையில் அந்த மனிதர் சொன்ன வார்த்தை. சுண்டு வயலின் வாசித்ததைப் பாதியில் நிறுத்தினார். தன் இடது கையை அகல விரித்தார். சுண்டுவின் கையை அதன் மேல் ஒட்டி அளந்து பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார்.

பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குக் கை இனிமேல் எப்படி வளரும்? அதென்ன நகமா?

இந்த வருஷத் தேர்வுக்கும் அதே அறை, அதே மனிதர். இசைக்குழுவின் முதல் வயலின்காரர். குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம்.

சுண்டு உள்ளே போய்விட்டாள். வெளியே வராந்தா பெஞ்சில், காலி வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவள். டிவி ரிமோட்டுக்குக்கூட வாதம், எதிர்வாதம் என்று நிற்பதால் வீட்டில் அவளுக்கு 'வக்கீலம்மா' என்று பெயர். கையைப் பார்த்துத் தங்கைக்கு வைத்த பெயர் 'சுண்டு'.

கிளம்பும்போதே சுண்டு கெஞ்சியிருந்தாள்.

"அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும். அங்கே வந்து வாயைத் திறக்காதே. இந்த வருஷத்தோட எனக்கு வயசு வரம்பு முடியுது. அவருக்குக் கோபம் வந்துச்சுன்னா என் கதை அவ்வளவுதான்."

"நான் ஏன்டி பேசப்போறேன்?"

இரண்டு பேருமே அதை நம்பவில்லை.

பக்கத்தில் ஓர் அம்மாள். அடுத்து வாசிக்கப்போகும் பையனைப் பெற்றவர்.

"உங்க தங்கச்சிக்குக் கை ரொம்பப் பொடிசா இருக்கேம்மா. என் பையனுக்குப் பாருங்க, ஒவ்வொரு விரலும் வெண்டைக்காய்!"

"வாசிக்கத்தானே கூட்டிட்டு வந்தீங்க? நறுக்குறதுக்கு இல்லையே?"

அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே வயலின் ஆரம்பித்தது. அக்காவுக்குப் பயமெல்லாம் கடைசிப் பக்கத்தில் வரும் ஓர் இடத்தைப் பற்றித்தான். ஒரே இழுப்பில் இரண்டு தந்திகள். ஆள்காட்டி விரல் ஒரு கோடியில், சுண்டுவிரல் இன்னொரு கோடியில். போன வருஷம் சுண்டு மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அதற்குப் பிறகு வீட்டில் சமைக்கும்போதும் அந்த இடம், சாப்பிடும்போதும் அந்த இடம். எல்லோரும் ஆள்காட்டி விரலை ஊன்றிக்கொண்டு சுண்டுவிரலால் எட்டிப் பிடிப்பார்கள். எட்டாது என்று தெரிந்ததும் சுண்டு அதை அப்படியே தலைகீழாக்கினாள். சுண்டுவிரலை முதலில் உட்கார வைத்து, ஆள்காட்டி விரலைப் பின்னால் சாய்த்து இறக்கினாள்.

இதோ, அந்த இடம் வந்தது. பிசிறில்லாமல் வந்தது. அக்காவுக்கு மூச்சு வந்தது.

"இன்னொரு தடவை," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "அந்த இடம் மட்டும்."

சுண்டு வாசித்தாள். சுத்தம்.

"இன்னொரு தடவை. மெதுவா."

"தப்பாயிடுச்சு போல," என்றார் அம்மாள், ஆறுதல் மாதிரி.

"தப்பா? உங்க காதுல விழுந்துச்சா தப்பு?"

அக்கா காலையிலிருந்து பார்க்கிறாள். மற்ற எல்லோரையும் அந்த மனிதர் ஒரு தடவைதான் வாசிக்கச் சொன்னார். சற்று முன் போன நெட்டைப் பெண் இதே இடத்தில் சுருதியைக் கோட்டைவிட்டாள். அவளுக்கு "நன்றிம்மா, போகலாம்." சின்னக் கை என்றால் மட்டும் சோதனை மேல் சோதனையா? தப்பு வருகிறவரை வாசிக்க வைத்து, வந்ததும் "நான் அப்பவே சொன்னேனே" என்பதற்கா?

"இன்னும் மெதுவா. இன்னொரு தடவை."

இந்தத் தடவை வில் நடுங்குவது வெளியே கேட்டது.

அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஐயையோ, உள்ளே போகக்கூடாதும்மா!"

"தெரியும்," என்று கதவைத் தள்ளினாள்.

சுண்டுவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, வேணாம்க்கா..."

முதல் வயலின்காரர் இடது கையைக் கோட்டுப் பையில் விட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒரே கேள்வி. நீங்க பாக்கறது வாசிப்பையா, கை அளவையா? வாசிப்புன்னா அதை முதல் தடவையே கேட்டுட்டீங்க. கை அளவுன்னா வயலின் எதுக்கு, ஒரு டேப் போதுமே?"

"கதவைச் சாத்தும்மா."

"மாட்டேன். இங்கே நடக்கறது வெளியே எல்லாருக்கும் தெரியணும்."

"தெரியக்கூடாதுன்னுதான் சாத்தச் சொல்றேன்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அக்கா கதவைச் சாத்தினாள்.

அவர் எழுந்து வந்தார். இடது கையைப் பையிலிருந்து எடுத்து, போன வருஷம் மாதிரியே சுண்டுவின் முன்னால் விரித்தார்.

விரியவில்லை. கணுக்கள் வீங்கி, விரல்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. எதிரே இருந்த சின்னக் கை இப்போது அதைவிட அகலம்.

"உன் தங்கச்சி இன்னிக்கு முதல் தடவை வாசிச்சப்பவே சேத்தாச்சும்மா," என்றார் அக்காவிடம்.

பிறகு சுண்டுவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளிக்கிழமை மேடையில இதை நான் வாசிக்கணும். சுண்டுவிரலை வெச்சதும் உன் கட்டைவிரல் எங்கே போகுது? அது மட்டும் எனக்குப் பிடிபடலை. இன்னொரு தடவை காட்டறியா?"