சுத்தம் செய்ய வந்தவர்

"உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது! உடனே இந்த எண்ணை அழையுங்கள்!"

திரை முழுக்கச் சிவப்பாக அந்த எச்சரிக்கைப் பெட்டி மறுபடியும் முளைத்திருந்தது.

"இதோட நாலாவது தடவை, சிக்வார்ட்!" குன்வோர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கணவர் முன் நின்றார். "கம்ப்யூட்டர் கடைக்காரன் ரூபென் வந்து இதை எடுத்து விட்டுட்டுப் போறான். ஒரே வாரத்துல திரும்ப வந்துடுது. எடுக்கறப்பவே அடுத்ததுக்கு விதை போட்டுட்டுப் போறான், திருடன்!"

சிக்வார்ட் வெள்ளரித் துண்டை மென்று விழுங்கினார். "சாட்சி இல்லாம ஒருத்தனைக் குற்றவாளின்னு சொல்லக் கூடாது."

அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அப்பாவும் தாத்தாவும் இதே வாட்ஸ்டெனா ஊரில் நீதிபதிகளாக இருந்தவர்கள். அந்த வீட்டு வாசலை எந்த மோசடியும் தாண்டியதில்லை.

"நீ கோர்ட்டை விட்டு வந்து பத்து வருஷம் ஆச்சு. இன்னிக்கு அவன் கையும் களவுமா மாட்டப்போறான். போலீஸைக் கூப்பிடறேன். அப்புறம் எவன் அவன் கடைப் படி ஏறறான்னு பாக்கறேன்!"

ஆனால் சந்தேகம் வேறு, குடும்ப மரியாதை வேறு. ரூபென் வருவதற்குள் குன்வோர் மேஜை விரிப்பை மாற்றி, காப்பி போட்டு, பூட்டியிருந்த அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாக்களை இறக்கினார். பாதாம் தூவியது, ஜாம் வைத்தது, இஞ்சி சேர்த்தது என்று தட்டில் ஏழு வகை. வீட்டுக்கு யார் வந்தாலும் ஏழு. மாமியார் காலத்திலிருந்து ஒன்று குறைந்ததில்லை. வந்தவரைத் தனியாகச் சாப்பிட விடுவதும் அந்தக் குடும்பத்தில் கிடையாது. எனவே சிக்வார்ட் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்து, வீட்டுத் தலைவருக்குரிய கடமையைச் செய்தார்.

ரூபென் மூன்று வகையோடு நிறுத்திக்கொண்டு, எழுந்து கணினியிடம் போனார். குன்வோர் போனும் கையுமாக அவர் பின்னால் போய் நின்றார்.

"உங்க மூச்சுக்காத்து என் கழுத்துல படுதுங்க," என்று சிரித்தார் ரூபென்.

"படட்டும். நீ வேலையைப் பாரு."

"இந்த எச்சரிக்கை சுத்தப் பொய். அந்த நம்பருக்குப் போன் பண்ணினா மொட்டை அடிச்சுடுவாங்க. இதைக் கூட்டிட்டு வந்தது இதோ, இந்த இலவசச் சீட்டாட்டம். இறக்கறப்ப, 'கூடவே இதையும் போடட்டுமா'ன்னு கேக்கும். சரின்னு டிக் போட்டா ஒட்டிக்கும். முதல் தடவையே சொன்னேனே!"

சொல்லியிருந்தார்தான். சிக்வார்ட்கூடக் குறுக்குக் கேள்விகள் கேட்டு, எதை அழுத்தினால் என்ன வரும் என்று ஒன்றுவிடாமல் தெரிந்துகொண்டிருந்தார்.

"எங்க வீட்ல யாரும் சீட்டாடறதில்ல. நீயே போட்டுட்டு, நீயே எடுக்கறியா?" குன்வோர் போலீஸ் எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

ரூபெனின் முகம் வெளுத்தது. "ஐயோ, வைங்க! ஒத்தை ஆளா கடை நடத்தறேன், என் பேரைக் கெடுத்துடாதீங்க. இதோ, இறக்கின நேரம் இதுலயே இருக்கு. நேத்து காலைல பதினொரு மணி. நான் இந்தப் பக்கமே வரலையே!"

"நேத்து பதினொரு மணிக்கு நானும் வீட்ல இல்ல. சர்ச்சுல பாட்டுப் பயிற்சி..." குன்வோர் பாதியில் நிறுத்தினார்.

மேஜையருகே சிக்வார்ட் ஏழாவது வகையை முடித்திருந்தார். மீசையில் ஒட்டிய சர்க்கரைத் தூளைத் துடைத்துக்கொண்டு, தீர்ப்பு வாசிக்கும் குரலில் சொன்னார்:

"போனை வை, குன்வோர். நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது."

"அப்ப குற்றவாளி யாரு?"

"டாக்டர் எனக்குச் சர்க்கரைன்னு சொன்னதிலேருந்து, விருந்தாளி வந்தாத்தானே நீ அந்த டப்பாவைத் திறக்கறே!"