கண்ணாடிக் குழாயில் ஒரு முள்

சாவியக்கா மாத்திரை டப்பாவை உள்ளங்கைக்குள் மறைப்பதை ஆய்வுக்கூடத்துப் பெண் பார்த்துவிட்டாள்.

"பிரஷரா அக்கா?"

"ஆமாம்மா. பத்தொன்பது வருஷமா."

"இன்னிக்குப் போட்டாச்சா?"

"இல்ல" என்றாள் சாவியக்கா. டப்பாவைத் திறக்கவில்லை.

தேவாலயத்தின் பின்னறை அது. மேசை மேல் அந்தப் பெண் மைக்ரோஸ்கோப்பைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே அரை விரல் நீளத்தில் கருத்த முள் ஒன்று.

இயேசுவின் தலையில் வைத்து அழுத்திய முள்முடியிலிருந்து வந்தது என்று மூன்று தலைமுறையாக ஊர் நம்பும் முள். சோதித்து எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

"அந்த முள்முடி நிஜமாவே இன்னும் உலகத்துல இருக்குமாம்மா?" என்று கேட்டார் பாதிரியார்.

"எனக்கென்ன தெரியும் ஃபாதர்? அதுலேர்ந்து வந்ததுன்னு சொல்ற முள்ளு நானே பதினொண்ணு பாத்துட்டேன். எல்லாத்தையும் கூட்டினா முடி இல்ல, வேலியே கட்டலாம்."

பாதிரியார் வாய்விட்டுச் சிரித்தார். "இவங்களைக் கேளுங்க. முள்ளுக்குக் காவலே எங்க சாவியக்காதான். அதுக்கு முன்னாடி இவங்க மாமனார். ரெண்டு பேரும் ஒரே அச்சு. பூசையில நற்கருணை அப்பம் கொடுக்கற நேரத்துல மட்டும் அவரையும் காணாது, இவங்களையும் காணாது. எங்க போனீங்கன்னு கேட்டா, மணிக்கயிறு சிக்கிக்கிச்சும்பாங்க."

சாவியக்கா சிரிக்கவில்லை. அந்தப் பெண் குழாயின் மூடியைத் திருகக் கை வைத்தாள்.

"திறக்காதீங்கம்மா."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது எலுமிச்சை முள்ளு."

அதைச் சொன்ன பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. மாமனார் இறந்து அவள் சாவியை வாங்கிய முதல் வருஷம். குழாய்க்குள் பூஞ்சை படர்ந்திருந்தது. துடைக்கலாம் என்று திறந்தாள். முள் வழுக்கித் தரையில் விழுந்தது. எங்கே என்று தேடத் திரும்பியபோது அவள் குதிகாலுக்கு அடியிலேயே உடைந்து கிடந்தது.

"சத்தம்கூட வரல ஃபாதர். பின்னாடி எங்க மாமனார் வெச்ச எலுமிச்சை மரம் இருக்குல்ல, பித்தளை விளக்கு தேய்க்கப் பறிப்பேனே, அதுலேர்ந்து ஒரு காஞ்ச முள்ளை ஒடிச்சேன். பால் ஊத்தாத கட்டன் சாயாவுல ஊறப் போட்டேன். நிறம் அப்படியே வந்துடுச்சு."

"யாருக்கும் தெரியலையா?" என்றார் பாதிரியார்.

"உங்களுக்கே தெரியலையே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடுத்த வாரமே ஒருத்தி காய்ச்சல்ல கிடந்த பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா. குழாயில அவன் நெத்தியை ஒட்ட வெச்சா. நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பிள்ளை பொழைக்கல. அப்பவும் அவ தேடி வந்து, 'உங்களால ஆனதைச் செஞ்சீங்கக்கா'ன்னு என் கையைப் பிடிச்சுட்டுப் போனா. நிஜ முள்ளா இருந்திருந்தா..."



"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா அதை எடுத்துடுவீங்க. நாளைக்கு வர்றவங்க எதுல நெத்தியை வைப்பாங்க? இப்படி ஒரு பொய்யைக் கையில வெச்சுக்கிட்டு நற்கருணைக்கு வாயைத் திறக்க என்னால முடியல. மணிக்கயிறு ஒண்ணும் சிக்கல ஃபாதர்."

மாத்திரை டப்பாவை மேசை மேல் வைத்துத் திறந்தாள். உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் மூன்று துண்டுகள்.

"குப்பையில போட மனசு வரல. பத்தொன்பது வருஷமா எங்கூடவே இருக்கு."

 பாதிரியார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூட்டுகள் சடசடக்க, அந்த டப்பாவின் முன் முழங்காலிட்டார்.

"உடைஞ்சா என்னம்மா? அதுதானே இது."

சாவியக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆய்வுக்கூடத்துப் பெண்ணுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இதைப் பாருங்கம்மா, குழாயை விட்டுடுங்க" என்றார் பாதிரியார், எழுந்திருக்காமலே.

"ரெண்டையும் குடுங்க ஃபாதர். பக்கத்துல வெச்சாத்தான் வித்தியாசம் தெரியும்."

குழாய் முள்ளில் ஒரு சீவல், டப்பா முள்ளில் ஒரு சீவல். மெல்லிய கத்தியால் சீவி, தனித்தனிக் கண்ணாடித் தகடுகளில் வைத்தாள். முதலாவதைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். மறுபடி முதலாவதை மாட்டினாள். மறுபடி இரண்டாவதை.

"ரெண்டாயிரம் வருஷம் இருக்குமா?" என்று கேட்டார் பாதிரியார்.

 அவள் சாவியக்காவின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, டப்பாவுல இருக்கறதும் எலுமிச்சைதான்."