மறைந்தார்

"அன்னிக்கு ஒரு நாளாவது அந்தப் பொட்டை அழிச்சுட்டு வரச் சொல்லுங்கோ, மிஸ்டர் எட்மண்ட்" என்றார் ஸ்ரீரங்கன்.

தாம்பரத்தில் அவர்கள் நகர் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். சுதந்திரம் வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம், ஆகஸ்ட் பதினைந்துக்கு விழா எடுக்கிறார்கள். தியாகி ரத்தினத்தின் படத்தைத் திறக்கப் போகிறார்கள். நாற்பத்திரண்டில் பெருங்களத்தூர் பக்கம் தந்திக் கம்பியை அறுத்து, பிடிபட்டு, போலீஸ் அடியிலேயே செத்துப்போனார் என்று ஊரே சொல்கிற ரத்தினம்தான். அவர் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதிக் கொடுத்திருப்பவர் ஹைஸ்கூல் சரித்திர வாத்தியார் எட்மண்ட்.

மேடையில் தியாகியின் மனைவி தையல்நாயகிக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். வந்தது வினை.

தையல்நாயகி பாலர் பள்ளியில் ஆயா. தினமும் நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். ஞாயிற்றுக்கிழமையானால் தலையில் மல்லிகைப்பூ வேறு. டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு பஸ் ஏறிவிடுவாள். யாரைப் பார்க்கப் போகிறாள் என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். எல்லாக் கதையும் ஒரே மாதிரிக் கதைதான், கேட்கவா வேண்டும்!

எட்மண்டுக்கும் உள்ளூர அருவருப்புத்தான். ஒரு மாமனிதனுக்கு வாய்த்தவள் இப்படியா என்று மனைவி ஜெயசீலியிடம் எத்தனையோ தரம் புலம்பியிருக்கிறார்.

அன்று ஞாயிறு. சாயங்காலம் புத்தகம் அச்சேற வேண்டும். சர்ச் முடிந்ததும் முடியாததுமாகச் சைக்கிளை மிதித்து, பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்துவிட்டார். பூ, பொட்டு, கேரியர், எல்லாம் தயார்.

பிடித்தாரே ஒழிய, பொட்டு விஷயம் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் புரூப் தாளை எடுத்துக் கடைசிப் பாராவை வாசித்துக் காட்டினார். "சித்திரவதைக்கு அஞ்சாமல், தோழர்களில் ஒருவர் பெயரைக்கூட உரைக்காமல், வீரமரணம் எய்தினார்" என்று முடிந்தது.

தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"மரணம்னு போடாதீங்க சார். மறைஞ்சாருன்னு போடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"உங்களுக்கு ஒண்ணு சார். எனக்கு வேற."

பரீட்சைப் பேப்பரில் வார்த்தை வார்த்தையாகத் தப்புப் பிடித்தே காலம் தள்ளியவர் எட்மண்ட். அவருக்குச் சுருக்கென்றது. அந்த நெற்றியைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார். ரத்தினம் உயிரோடு இருக்கிறாரா என்று மெல்லக் கேட்டார்.

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

போலீஸ் விட்டதிலிருந்து தாம்பரத்துப் பக்கமே தலைகாட்டாமல், ஊரப்பாக்கத்தில் ஒரு மாந்தோப்பில் வேறு பெயரில் காவல் இருக்கிறாராம். பேச்சு ரொம்பக் குறைவாம். காக்கிச் சட்டையைக் கண்டால் போதும், பம்ப்செட் அறைக்குள் ஓடி ஒளிந்துகொள்வாராம். அது தபால்காரராகவே இருந்தாலும் சரிதானாம். அப்படிப்பட்டவரைப் பஸ்ஸில் ஏற்றி எங்கே கூட்டி வருவது?

எட்மண்டுக்குத் தலைகால் புரியவில்லை. செத்துப்போனதாக எழுதிய மனுஷர் உயிரோடு இருக்கிறார்! கார் வைத்தாவது மேடைக்குக் கொண்டு வந்துவிடலாம், ஜனங்கள் காலில் விழுவார்கள் என்று பரபரத்தார்.

"வேணாம் சார். அடி தாங்காம ஒரு பேரைச் சொல்ட்டாரு. துரைன்னு, பதினேழு வயசுப் பையன். அவனைப் புடிச்சுக்கினு போனாங்க. ஜெயில்லயே செத்துப் பூட்டான்."

எட்மண்டுக்குப் பரபரப்பெல்லாம் வடிந்து ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஆளுக்காகவா இரண்டு மாதம் உருகி உருகி எழுதினோம்!

"காட்டிக்குடுத்தவருக்கா பூ வெச்சுக்கிட்டுச் சோறு தூக்கிட்டுப் போறீங்க? அந்தப் பையனைப் பெத்தவங்க முகத்துல எப்படிம்மா முழிச்சீங்க?"

அவள் கேரியரை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"துரை என் தம்பி சார். எங்கம்மா சாவுற வரைக்கும் இதுல சோறு கட்டிக் குடுத்ததே அவங்கதான்."

எட்மண்ட் சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவள் திரும்பினாள். துரையைப் பற்றி இரண்டு வரி சேர்க்க முடியுமா, அவன் பேர் எங்கேயுமே எழுதப்படவில்லை என்று கேட்டுக்கொண்டு ஏறிவிட்டாள்.

அச்சகத்தில் ஸ்ரீரங்கன் நிலைகொள்ளாமல் காத்திருந்தார். எட்மண்ட் நின்றபடியே புரூப் தாளில் இரண்டு இடத்தில் சிவப்பு மையால் அடித்தார். ஒரு வருஷம் தப்பாக எழுதினாலே அரை மார்க் குறைக்கிற மனுஷர், தெரிந்தே மறைந்தார் என்று போட்டார். ஓரத்தில் நாலைந்து வரி எழுதிச் சேர்த்தார்.

ஸ்ரீரங்கன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ஒருவர் பெயரைக்கூட உரைக்காமல் என்பதைக் காணோம், வீரமரணத்தையும் காணோம், யார் இந்தத் துரை என்று முகம் சுளித்தார். அப்புறம் தாமே சமாதானமும் ஆகிவிட்டார்.

"மறைந்தார்னா கொஞ்சம் சப்புனு இருக்கு. போகட்டும், ரெண்டும் ஒண்ணுதானே. அது கிடக்கட்டும், அந்தப் பொட்டு விஷயம் என்னாச்சு? அழிச்சாச்சா?"

எட்மண்ட் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"அழிக்க வேண்டியதை அழிச்சாச்சு சார்."