ஐம்பதாம் ஆண்டு மலருக்கு ஒரு படம்

மென்பொருள்காரர்களுக்கென்றே தொடங்கிய 'நிரலர் உலகம்' மாத இதழுக்கு ஐம்பது வயது. இதழின் வரலாற்றை மலராகப் போட, முதல் இதழிலிருந்தே சந்தா கட்டிவரும் வாசகியின் படம் வேண்டியிருந்தது. ஆசிரியர் செந்தூரன் பொன்னாடையோடு திருப்பூருக்குப் போனார்.

அந்த வாசகி, ஓய்வுபெற்ற புரோகிராமர் மங்கையர்க்கரசி, மாதம் தவறாமல் கடிதம் எழுதுகிறவர். ஆசிரியர் பெயரில் அவருக்குப் பதில் போடுவது இனியா என்ற மென்பொருள். வாசகர்கள் சந்தாவை நிறுத்திவிடாதபடி ஆசிரியரின் சொந்தக் கதைபோல நாலு வரி கற்பனையும் சேர்த்துக்கொள்ளும். செந்தூரன் அவற்றைப் படித்ததே இல்லை.

கதவைத் திறந்த மங்கையர்க்கரசி மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தார்.

"வாங்க சார். இப்படியே படம் எடுத்தாப் பரவால்லீங்களா? நேத்துத்தான் பழனிக்குப் போயிட்டு வந்தனுங்க."

"ஏதாவது வேண்டுதலுங்களா?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே. உங்க பொண்ணுக்கு ஆபரேஷன்னு எழுதினீங்கல்ல, அன்னிக்கே நேர்ந்துக்கிட்டனுங்க. இப்ப எந்திரிச்சு நடக்கறாள்னு போன மாசம் எழுதியிருந்தீங்க."

செந்தூரனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தார். எதிர்ச் சுவரில், இடுப்புவரை தொங்கும் நரைத்த பின்னலோடு மங்கையர்க்கரசியின் படம் ஒன்று மாட்டியிருந்தது.

"ஒரே ஒரு குறைதானுங்க. அர்ச்சனைக்குப் பேரு கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியல. பாப்பா பேரென்னங்க?"

"இனியா" என்றார், பொன்னாடையின் மடிப்பைப் பார்த்துக்கொண்டு.

மங்கையர்க்கரசி முருகன் படத்தின் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, அந்தப் பெயரை மெல்லச் சொன்னார்.