மணியார்டர் ஃபாரம் இல்லை

"ஃபாரம் தீர்ந்துபோச்சுப்பா. அடுத்த வாரம் வா."

அஞ்செட்டி போஸ்ட் மாஸ்டர் பஷீர் அஹமது போன வாரமும் இதையேதான் சொன்னார். முனிராஜுக்கு வயிறு எரிந்தது.

மகள் ஜோதிமணிக்குக் காது சரியாகக் கேட்காது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஏதாவது வழி பண்ணு, இல்லாவிட்டால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். பத்திரிகையில் ஒரு பம்பாய்க் கம்பெனி காது மிஷின் விளம்பரம் போட்டிருந்தது. முழுப் பணத்தையும் முன்னாடியே அனுப்ப வேண்டுமாம். பால் கறக்கிற எருமையை விற்றுவிட்டு வந்து, விளம்பரத்தைக் காட்டி ஃபாரம் கேட்டால், இந்த மனுஷன் நாயாய் அலையவிடுகிறார்.

அதுகூடப் போகட்டும். அவன் கண்ணெதிரே மங்கம்மா ஓசூரில் படிக்கும் மகனுக்குப் பணம் அனுப்பிவிட்டுப் போனாள். அவளுக்கு மட்டும் ஃபாரம் எங்கிருந்து முளைத்தது?

டீக்கடை வெங்கடப்பன் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான். அதே பம்பாய்க் கம்பெனியிலிருந்து பாய் பேருக்கே பார்சல் வந்து இறங்கியதாம். பாய் ஏஜென்சி எடுத்துவிட்டார், நேரே வாங்கவிடாமல் கூடுதல் விலைக்கு நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றான்.

முனிராஜ் அவனையும் இழுத்துக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தான்.

உள்ளே பாய் தலையைக் குனிந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அவருக்கும் காது மந்தம். கத்தினால்தான் கேட்கும். அந்தத் தைரியத்தில் வாசலில் நின்றபடியே முனிராஜ் அடிக்குரலில் சொன்னான்.

"பாவம், சின்னப் பிள்ளை. அது காதுல கூடக் கமிஷன் அடிக்கிறான் பாரு. இந்தக் காசு இவனுக்குச் செரிக்குமா?"

வெங்கடப்பன் சிரித்தான். முனிராஜ் உள்ளே போய், ஃபாரம் வந்துச்சா என்று பெருங்குரலில் கேட்டான்.

"கத்தாத முனிராஜு" என்றார் பாய். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். அதிலிருந்து ஒரு ஒயர் அவர் காதுக்குப் போயிருந்தது.

"நீ காட்டுன மிஷின்தான். முன்ன ஒருத்தன் இப்படித்தான் ரேடியோவுக்குப் பணம் கட்டுனான், செங்கல்லு வந்துச்சு. இந்தக் கம்பெனிக்கு அனுப்பாதேன்னு சொல்ல இந்தச் சீட்டுல உக்காந்துட்டு எனக்கு அதிகாரமில்ல. அதான் ஃபாரம் இல்லேன்னு உன்னை நிறுத்திவெச்சுட்டு, என் பேருக்கு ஒண்ணு வரவழைச்சேன். மோசம்னா என்னோட போகட்டும்."



பாய் மேஜையைத் திறந்து ஃபாரத்தை எடுத்து நீட்டினார்.

"தைரியமா அனுப்பு. நல்ல மிஷின். வாசல்ல நீ மெதுவாப் பேசுனதுல ஒரு வார்த்தை விடலே."