பட்டாம்பூச்சி மீன் பிழைக்குமா?

"இந்த மஞ்ச மீனு பேரு இன்னா தம்பி?"

"பட்டாம்பூச்சி மீனுங்க. கடல் மீனு," என்றான் அருள்மொழி. கள்ளக்குறிச்சியில் அவன் வண்ணமீன் கடை வைத்ததிலிருந்து இவ்வளவு சந்தேகத்தோடு உள்ளே வந்த ஆளைப் பார்த்ததில்லை. பெரியவர் மீனைவிட அவன் முகத்தையே அதிகம் பார்த்தார்.

"வூட்ல வெச்சா பொழைக்குமா?"

அருள்மொழிக்கு நாக்கு குறுகுறுத்தது. தெரியாத்தனமாக வாங்கி மாட்டிக்கொண்ட மீன். இவர் தலையில் கட்டிவிட்டால் நஷ்டம் தீர்ந்தது.

"பொழைக்காதுங்க," என்றான். "கடல்ல உசுரோட இருக்கிற பவளத்தைக் கொத்தித்தான் திங்கும். நாம போடுற தீனியத் தொடாது. பட்டினி கெடந்தே செத்துடும். நானே ஏமாந்து வாங்கிட்டேன்."

"நீ கேக்குற வெலையத் தரேன்டா. குடு."

"வேணாங்க. தங்கமீனு எடுத்துக்கினு போங்க."

பெரியவர் வாசலைப் பார்த்து மனைவிக்குக் குரல் கொடுத்தார். "கமலா, ஆட்டோவ வுட்டு எறங்கி வா! பையன் பொய் பேச மாட்றான்."

அருள்மொழி விழித்தான்.

"தரகர் போட்டோ காட்டினாரே, நைனார்பாளையத்துப் பொண்ணு? அவ அப்பன்தான் நான். ஊரே உன்ன நல்லவன்னுச்சு. நான் நம்பல." பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, எம் பொண்ணு உங்க வூட்ல பொழைக்குமா? அதையும் சொல்லிடு."

"எங்கம்மா கொஞ்சம் ஜாஸ்தி பேசுவாங்க, மாமா."

உள்ளே வந்த கமலா சிரித்துவிட்டாள். "எம் பொண்ணு மட்டும் இன்னா, கம்மியாவா பேசுவா?"