வராத ஓட்டு

"இன்னைக்குப் பதினேழு கடிதம், சார். எல்லாம் திட்டாத்தான் இருக்கும். படிக்கட்டுமா?"

"படிங்க, மிஸ் ப்ராசர். எதிர்த்தரப்பு பேசி முடிக்கிறவரைக்கும் வக்கீல் வாயைத் திறக்கக் கூடாது."

ஆம்ப்ரோஸ் டாரன்ட் லண்டனில் இருபது வருடம் வக்கீல். பிறகு இந்தச் சிற்றூரின் எம்.பி. ஊருக்கு வரும் ஒரே ரயிலை நிறுத்த விடமாட்டேன் என்று சொல்லித்தான் ஜெயித்தார்.

ரயிலை நிறுத்தும் மசோதா ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அன்று அவர் சபைக்கே போகவில்லை. பூங்காவில் வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள்.

மூன்று வாரமாக, பப்பில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகிவிடுகின்றன. காரியதரிசி ஹில்டா ப்ராசர்கூட அவரோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் அண்ணன் ரயில்வேயில் சிக்னல்காரர். சனிக்கிழமையோடு வேலை போகிறது.

"'வாத்து எம்.பி. அவர்களுக்கு...' இது கசாப்புக்கடைக்காரர், சார்."

"கையெழுத்து நல்லா இருக்கா?"

"சிரிக்கிற விஷயமா இது? எங்க அண்ணன் நேத்திலிருந்து சாப்பிடலை. அன்னைக்கு ஏன் போகலை? அதை மட்டும் சொல்லுங்க."

டாரன்ட் கண்ணாடியைத் துடைத்தார். "அடுத்ததைப் படிங்க."

பதினாறும் முடிந்தன. ஹில்டா தன் ராஜினாமாவை மேஜைமேல் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். "இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கே. படிச்சிட்டுப் போங்க. இனிமே படிச்சுக் காட்ட ஆளில்லை."

பிரித்தாள். ரயிலை நிறுத்தியே தீரவேண்டும் என்ற எதிரணியின் எம்.பி., லைல் எழுதியிருந்தார்.

'நண்பரே, என் மனைவி ஞாயிறன்று காலமானாள். தன் நோய் யாருக்கும் தெரியக்கூடாது என்றாள்; அதனால் வாக்கெடுப்பு நாளன்றே அவளுக்கு ஆபரேஷன் என்று சொல்லிக் கட்சியிடம் விடுப்புக் கேட்க வழியில்லை. "நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நானும் ஓட்டுப் போடவில்லை. இரண்டு ஓட்டும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும், முடிவு மாறாது" என்றீர்கள். அன்று ஆபரேஷன் அறை வாசல்வரை அவள் என் கையை விடவில்லை. இனி மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் ஊரில் வந்து உண்மையைச் சொல்லட்டுமா?'

கடைசி வரியைப் படித்துவிட்டு ஹில்டா தேநீர்க் கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

"வேண்டாம்னு பதில் போடுங்க," என்றார் டாரன்ட். "பாவம், அவர் அழ வேண்டிய நேரம். இங்க வந்து எனக்கு சாட்சி சொல்ற நேரமில்லை. சரி, உங்க ராஜினாமாவைக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்."

"அதைக் காணோம், சார்," என்றாள் ஹில்டா, அதன்மேலேயே இரண்டு தேநீர்க் கோப்பைகளை வைத்தபடி.